மீளும் காலத்தைப் பறிக்கலாகாது

போடிநாயக்கனூருக்கு மேற்கே எழும் மலைகள் பேரிடரை அறியாதவை அல்ல. 1924ஆம் ஆண்டு ஆடி மாதப் பெருமழை, மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஓடிய குண்டளைப் பள்ளத்தாக்கு இருப்புப்பாதையை வாரிச் சென்றது. டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவழியே கொட்டகுடிக்குத் தேயிலைப் பெட்டிகள் இறங்கிப் போடியை அடைந்த காலம் அது. கொல்லம் ஆண்டு 1099இல் நேர்ந்தமையால் தொண்ணூற்றொன்பதின் வெள்ளம் என்று மலையாள நாட்டார் இன்றும் அதனைக் குறிப்பர். அந்த இருப்புப்பாதை பின்னர் போடப்படவே இல்லை.

வெள்ளம், தீ, வறட்சி, நோய் ஆகிய நான்கும் காட்டின் வாழ்வில் வந்து போகின்றவையே. விழுந்த மரத்தின் இடைவெளியில் ஒளி இறங்குகிறது. அதுவரை காத்துக் கிடந்த கன்று நிமிர்கிறது. இடரில் எத்தனை உயிர்கள் மாண்டன என்பதை மட்டும் வைத்து ஓர் உயிரினத்தின் கதியைக் கணிக்க இயலாது. எத்தனை எஞ்சின, எஞ்சியவை பெருக அடுத்த இடர் எவ்வளவு காலம் விட்டுவைத்தது என்பவற்றையும் சேர்த்தே கணிக்க வேண்டும். ஏலம் விளையும் இம்மலையில் அந்தக் கால இடைவெளி சுருங்கி வருகிறது. சுருக்குவதில் மனிதர் கைக்குப் பெரும்பங்கு உண்டு.

இம்மலையின் தேனீயே இதற்குச் சான்று. ஏலப்பூ ஒரு நாள்தான் வாழும். அந்த ஒரு பகலுக்குள் தேனீ வந்து தீண்டாவிடில் காய் இல்லை. 1991-92இல் தென்னிந்தியாவெங்கும் பரவிய தாய் சாக்புரூட் என்னும் நச்சுயிரி நோய், இந்தியத் தேனீக் கூட்டங்களுள் பெரும்பாலானவற்றை அழித்தது. நோயைத் தாங்கிப் பிழைத்த சில கூட்டங்களிலிருந்தே அவ்வினம் மெல்லத் தழைத்தது. அதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன. அன்று நோய் விட்டுவைத்ததை இன்று பூச்சிமருந்து விட்டுவைக்குமா? பூக்கும் பருவத்திலும் ஓயாது மருந்தடிக்கும் தோட்டங்கள் தம் விளைச்சலின் வேரையே வெட்டிக்கொள்கின்றன.

கிழக்குச் சரிவின் துயரம் வேறு. மழை மறைவில் வறண்டு கிடக்கும் குரங்கணிப் பக்கத்துப் புற்சரிவுகளில், 2018 மார்ச் 11 அன்று, கொழுக்குமலைக்கு நடைப்பயணம் போய்த் திரும்பியோரைத் தீ சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அரசு விசாரணை நடத்திற்று. மலையேற்ற விதிகளை இறுக்கிற்று. தேவையான செயல்தான். ஆயினும் மலையேறுவோரை நிறுத்தினால் தீ நின்றுவிடாது. புல்லுக்கு உயிர் அடித்தூரில் இருப்பதால், எரிந்தபின் முதல் மழைக்கே அது துளிர்க்கும். மரக்கன்றுக்கு அந்த வலிமை இல்லை. தடித்த பட்டை கட்ட அதற்குப் பல ஆண்டுகள் வேண்டும். ஆண்டுதோறும் எரியும் சரிவில் ஒரு தலைமுறை மரமும் தலையெடுப்பதில்லை. புல் மட்டும் பெருகி அடுத்த ஆண்டுத் தீக்கு விறகாகிறது. சோலையின் விளிம்பும் ஒவ்வொரு தீயிலும் உள்வாங்குகிறது. வெந்து வெறுமையான மண்ணை ஐப்பசி மழை அறுத்துக் கொட்டகுடி ஆற்றில் சேர்க்கிறது. அந்த ஆறு வைகையின் துணையாறு என்பதை மதுரையும் மறந்துவிடலாகாது. காட்டுத்தீ எனப் பெயர் பெற்றிருப்பினும், இவற்றுள் பெரும்பாலானவை மனிதர் கையால் மூள்பவை.

மேலே, கேரள எல்லையிலுள்ள போடிமெட்டைத் தாண்டிய ஏலத்தோட்டங்களில் இடரின் முகம் நிழலிழப்பாகத் தோன்றுகிறது. ஏலம் காட்டின் நிழலில் பிறந்த செடி. ஞள்ளானி போன்ற உயர்விளைச்சல் வகைகள் மிகுதியான ஒளி கேட்டன. நிழல்மரக் கவாத்து ஆண்டுக்காண்டு ஆழமாயிற்று. நிழல் உள்ள தோட்டத்தில் கோடைமழை தாமதித்தாலும் மண்ணின் ஈரம் சில நாள் தாங்கும். வெயில் நேரே விழும் தோட்டத்தில் தாங்காது. 2024ஆம் ஆண்டுக் கடுங்கோடையில் இடுக்கி மாவட்டத்தின் ஏலத்தூர்கள் பரப்புப் பரப்பாகக் கருகின. 2018இன் பெருவெள்ளத்தில் இதே மாவட்டத்துத் தோட்டங்கள் அழுகலில் சிக்கி ஆறாண்டுகளே ஆகியிருந்தன. புதிதாக நட்ட ஏலம் நன்கு காய்க்க ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆகும்.

தோட்டமுடையோர்க்கு அது மூன்றாண்டு நட்டம். போடி, தேவாரம், கோம்பை, கம்பம் பக்கத்து ஊர்களிலிருந்து விடியுமுன் ஜீப்பில் ஏறி எல்லை தாண்டும் கூலிப் பெண்டிர்க்கோ, மறுநாளே அடுப்பில் தெரியும் இழப்பு. தமிழ்நாட்டுக் குடிகள் கேரளத் தோட்டத்தில் வேலை இழந்தால் அவர்களைக் கணக்கில் எழுதுவது எந்த அரசு? இழப்பு கூலியோடும் நிற்பதில்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாற்றுக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தோட்டத்தில் லயம் எனப்படும் தொழிலாளர் வரிசைவீடுகளை மூடியது. மாண்டோர் எழுபதின்மர், பலரின் பூர்விகம் தமிழகத்துக் கயத்தாறு வட்டாரம். மலைச்சரிவின் வாயில் லயம் கட்டிக் குடியமர்த்தியது மழையின் செயலன்று.

இரு மாநில அரசுகளும் செய்யத் தக்கவை உள. எல்லை தாண்டும் தோட்டத் தொழிலாளரின் பதிவேட்டை இரு மாநிலங்களும் பொதுவாக வைத்திருக்க வேண்டும். மழை எச்சரிக்கை தமிழிலும் அவர்களைச் சென்று சேர வேண்டும். இழப்பீட்டை ஒரு பருவ விளைச்சலோடு நிறுத்தாமல், செடி மீண்டும் காய்க்கும் வரையான காலத்துக்கு அளக்க வேண்டும்; அதில் கூலிக்கும் பங்கு வேண்டும். நிழல்மரத்தைக் காத்த தோட்டத்துக்கு நறுமணப் பொருள் வாரியத்தின் உதவியில் முன்னுரிமை தரலாம். மலையை நன்கறிந்த பழங்குடியினரான முதுவரையும் பளியரையும் கோடைக்கு மட்டும் தீக்காவலராக அமர்த்தி மழை வந்ததும் விலக்கிவிடாமல், ஆண்டு முழுவதும் ஊதியம் கொடுத்து வைத்துக்கொள்வதே தகும். தை கழிந்ததும் சரிவுகள் காயத் தொடங்கும். தீத்தடுப்புக் கோடு வெட்டுவதற்கான பணம் மார்கழிக்குள் தேனி வனக்கோட்டத்தின் கையில் இருக்க வேண்டும்.