சோம்பேறி என்று சொல்லாதீர்கள்

பெரட்டுக்குப் பிந்தி வரும் பெண்ணைச் சோம்பேறி என்று சொல்லிவிடுவது நம் தோட்டங்களில் பழகிப்போன பேச்சு. மண்டோர் மட்டுமா சொல்கிறார்? வீட்டில் மாமியாரும் சொல்கிறார், புருஷனும் சொல்கிறார்.

கோல சிலாங்கூர் பக்கத்துத் தோட்டமொன்றில் உதிரிப்பழம் பொறுக்கும் அக்கா ஒருவர் என்னிடம் வந்தார். ஓயாத அசதி, மலச்சிக்கல், முடி கொட்டல், முகம் உப்பல். பகலிலும் குளிருது என்றார். இரத்தசோகைதான் என்று நினைத்து, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டேன். தப்பு என்னுடையது. இரண்டு மாதமாகியும் தேறாததால் கவர்மெண்டு கிளினிக்குக்கு எழுதிக் கொடுத்தேன். இரத்தத்தில் டி.எஸ்.எச். 48 என்று வந்தது. கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி சரியாக வேலை செய்யவில்லை.

"நம்பர் கூடியிருக்கே, அப்போ தைராய்டு கூடிப்போச்சா ஐயா?" என்று கேட்டார். பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மை தலைகீழ். டி.எஸ்.எச். என்பது மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி தைராய்டைப் பார்த்துப் போடுகிற சத்தம். வேலை நடக்காத இடத்தில் மண்டோர் சத்தம் கூடும் அல்லவா? அதுபோலத்தான். சாதாரணமாக அது 0.4 முதல் 4 வரை இருக்கும். லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும்.

பக்கத்தில் எஃப்.டி.4 என்று இன்னொரு வரி இருக்கும். சுரப்பி செய்த வேலையின் கணக்கு அது. டி.எஸ்.எச். ஏறி, எஃப்.டி.4 இறங்கியிருந்தால் மருந்து வேண்டும். டி.எஸ்.எச். 10-க்குள் கொஞ்சம் ஏறி, எஃப்.டி.4 சரியாக இருந்தால், பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி பார்ப்பார்கள். கர்ப்பிணிகளுக்கு இந்தக் கணக்கு வேறு.

மருந்து தைராக்சின் மாத்திரை. வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட வேண்டும். கோப்பி, தேத்தண்ணி, பசியாறல் எல்லாம் அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான். நான் கொடுத்தேனே இரும்பு மாத்திரை, அதையும் கால்சியத்தையும் 4 மணி நேரம் தள்ளிப் போட வேண்டும். இல்லாவிட்டால் தைராக்சின் உடம்பில் சரியாகச் சேராது. காலையில் அவசரமாகப் பெரட்டுக்கு ஓடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு, இரவுச் சாப்பாட்டுக்கு 3 மணி நேரம் கழித்துப் படுக்கும் முன் போடலாம். 6 முதல் 8 வாரத்தில் மறுபடி இரத்தம் பார்த்து அளவைக் கூட்டுவார்கள் அல்லது குறைப்பார்கள். உடம்பு தேறிவிட்டது என்று நிறுத்தாதீர்கள். தேறியதே மருந்தால்தான். பலருக்கு இது ஆயுள் முழுக்க.

கர்ப்பம் என்று தெரிந்த உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்தின் தேவை கூடும். பிறக்கும் பிள்ளைகளிலும் சுமார் 3,000 அல்லது 4,000 பேருக்கு ஒருவருக்கு இந்தக் குறை இருக்கிறது. அதற்காகத்தான் நம் நாட்டில் 1998 முதல் தொப்புள்கொடி இரத்தத்தைச் சோதிக்கிறார்கள். பிள்ளையைக் கொண்டுவரச் சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டால் அன்றைக்கே போங்கள். இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்கினால் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப்போல் படிக்கும், வளரும். மாதக்கணக்கில் தாமதித்தால் மூளை வளர்ச்சி கெடும். பிறகு திருப்ப முடியாது.

இனி என் கருத்து. கவர்மெண்டு கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளி. ஆனால் 2025-இல் வந்த 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளக் கணக்கில் ஒரு நாள் கூலி 65 வெள்ளிக்கு மேல். இரத்தம் எடுக்க ஒரு நாள், ரிசல்ட் வாங்க ஒரு நாள். இதற்குப் பல இடங்களில் எம்.சி. கிடைப்பதில்லை, நேரச் சிலிப்தான் தருகிறார்கள். சம்பளம் பிடிபடுமே என்று பயந்து நம் பெண்கள் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் சேவைக் காலத்தைப் பொறுத்து 14, 18, 22 நாள் நோய் விடுப்பு கொடுக்கிறது. நீண்டகால நோயாளிகளின் இரத்தப் பரிசோதனை நாளையும் சம்பளத்தோடு கூடிய நாளாக்கும்படி நமது சங்கம் அடுத்த கூட்டு ஒப்பந்தத்தில் கேட்க வேண்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அசந்து உட்காரும் பெண்ணைத் திட்டுவதற்கு முன், "டி.எஸ்.எச். பார்த்தீங்களா அக்கா?" என்று கேளுங்கள். ரிசல்ட் தாளை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். அந்த அக்கா இன்று எல்லாருக்கும் முன்னால் பெரட்டில் நிற்கிறார்.