சிப்பாயைக் கொடுத்தவன் ஏமாளி அல்ல

"கேம்பிட்டெல்லாம் எதுக்குப்பா? கம்ப்யூட்டர்ல போட்டுப் பாரு, உடனே குட்டு உடைஞ்சிடும். ஒழுங்கான ஓப்பனிங்கா கத்துக்கோ." சதுரங்கப் பயிற்சி வகுப்புகளிலும், வயதுவாரிப் போட்டிகள் நடக்கும் பள்ளி வராண்டாக்களிலும் அடிக்கடி காதில் விழும் அறிவுரை இது. வழக்கத்தில் இல்லாத ஒரு கேம்பிட்டை ஆடி வென்ற மாணவருக்குப் பாராட்டு கிடைப்பதில்லை. எதிராளி ஏமாந்துவிட்டார் என்று சொல்லிவிடுகிறார்கள். தோற்றாலோ, தோல்விக்கு முழுக்காரணமும் அந்த ஓப்பனிங்தான்.

ஆட்டத்தின் தொடக்கத்திலேயே ஒரு சிப்பாயை வலியக் கொடுத்து, அதற்கு விலையாக வேகத்தையும் திறந்த பாதைகளையும் தாக்கும் வாய்ப்பையும் வாங்கிக்கொள்வதுதான் கேம்பிட். அதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்கள் ஐந்து. ஐந்தையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம். உரைகல்லாக புடாபெஸ்ட் கேம்பிட்டை வைத்துக்கொள்கிறேன்.

வெள்ளை டி4 ஆடுகிறது. கறுப்பு குதிரையை எஃப்6க்குக் கொண்டுவருகிறது. வெள்ளை சி4. இந்த இடத்தில் பெரும்பாலானோர் ஈ6 அல்லது ஜி6 ஆடுவார்கள். புடாபெஸ்ட் ஆடுபவர் ஈ5 என்று சிப்பாயை நீட்டுகிறார். வெள்ளை அதை வெட்டியதும் கறுப்புக் குதிரை ஜி4க்குத் தாவி, வெட்டிய சிப்பாயைக் குறிவைக்கிறது. ஹங்கேரியைச் சேர்ந்த இஸ்த்வான் அபோன்யி, ஜிக்மொண்ட் பாராஸ், ஜுலா பிரையர் ஆகியோர் முதல் உலகப்போர்க் காலத்தில் வளர்த்தெடுத்த ஆட்டமுறை இது.

வாதம் 1: "எல்லாம் பொறிதான். எதிராளி சிக்காவிட்டால் ஆட்டம் போச்சு."

புடாபெஸ்டின் பேர்போன பொறியையே எடுத்துக்கொள்வோம். வெள்ளை தன் பிஷப்பை எஃப்4க்குக் கொண்டுவந்து ஈ5 சிப்பாயைக் காக்கிறது. கறுப்பின் இன்னொரு குதிரை சி6க்கும், வெள்ளையின் குதிரை எஃப்3க்கும் வருகின்றன. கறுப்பு பிஷப் பி4இல் வந்து நின்று செக் கொடுக்கிறது. வெள்ளை மற்றொரு குதிரையை டி2இல் வைத்துத் தடுக்கிறது. கறுப்பு ராணி ஈ7க்கு வருகிறது. வெள்ளை ஏ3 ஆடி, "பிஷப்பை எடு" என்று விரட்டுகிறது. கறுப்பு பிஷப்பைத் தொடவே இல்லை. ஜி4 குதிரையால் ஈ5 சிப்பாயை வெட்டுகிறது. வெள்ளை ஆசையோடு பிஷப்பை வெட்டினால், அந்தக் குதிரை டி3க்குப் பாய்கிறது. அது செக்மேட். குதிரையை வெட்ட வேண்டிய ஈ2 சிப்பாய், ஈ7இல் நிற்கும் ராணியால் ராஜாவோடு சேர்த்துக் கட்டப்பட்டுக் கிடக்கிறது. ராஜா ஒதுங்கலாம் என்றால் சுற்றியிருக்கும் கட்டம் அத்தனையிலும் சொந்தக் காய்களே நிற்கின்றன. ஜெர்மனியின் ஜார்ஜ் கீனிங்கர் 1925இல் வியன்னாவில் இதை ஆடிக் காட்டினார். பொறிக்கும் அவர் பெயரே நிலைத்துவிட்டது.

இனி, வெள்ளை சிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். பிஷப்பை விட்டுவிட்டுக் குதிரையைக் குதிரையால் வெட்டுகிறது, கறுப்பும் திருப்பி வெட்டுகிறது. இப்போது காய்களை எண்ணிப் பாருங்கள், இரு பக்கமும் சமம். கொடுத்த சிப்பாய் கைக்குத் திரும்பி வந்துவிட்டது. வெள்ளைக்கு இரண்டு பிஷப்புகளும் கொஞ்சம் கூடுதல் இடமும் கிடைக்கும். கறுப்புக்கு ஓட்டையில்லாத சிப்பாய் அமைப்பு கிடைக்கும். எந்தக் கிளப்பிலும் தாராளமாக ஆடக்கூடிய நிலை அது.

வெள்ளை எஃப்4 பிஷப்பை விட்டு, குதிரையை எஃப்3இல் வைத்து, ஈ3 ஆடி நிதானமாகப் போனாலும் கறுப்புக்குத் திட்டம் இருக்கிறது. ஏ5 ஆடி, மூலையில் கிடக்கும் யானையை ஏ6 வழியாக ஆறாவது வரிசைக்கு ஏற்றி, எச்6க்கோ ஜி6க்கோ நகர்த்தி ராஜாவின் மேல் திருப்பலாம். பொறியைச் சுற்றி இத்தனை ஆட்டம் இருக்க, அதைப் பொறி மட்டும்தான் என்று சொல்வது, அந்த ஓப்பனிங்கை எட்டாவது நகர்வோடு மூடிவிட்டவர்களின் பேச்சு.

வாதம் 2: "கத்துக்குட்டிகளிடம்தான் செல்லும், பெரிய ஆட்டக்காரர்களிடம் பலிக்காது."

1918, பெர்லின். அகிபா ரூபின்ஸ்டைன் வெள்ளை, மிலன் விட்மார் கறுப்பு. 1912ஆம் ஆண்டில் மட்டும் ஐந்து பெரிய போட்டிகளில் முதலிடம் பிடித்தவர் ரூபின்ஸ்டைன். ராணிச் சிப்பாய் ஆட்டங்களில் அன்றைய உலகில் அவருக்கு இணையானவர்கள் மிகச் சிலர். அவரை எப்படிச் சமாளிப்பது என்று யோசித்த விட்மாருக்கு அபோன்யி காட்டிக்கொடுத்தது புடாபெஸ்ட் கேம்பிட்டை. ரூபின்ஸ்டைன் சிப்பாயை விடாமல் பிடித்துக்கொண்டார். விட்மார் எஃப்6 ஆடி, அதைத் திரும்பக் கேட்கப் போவதில்லை என்று காட்டினார். பதினாறாவது நகர்வில் எஃப்4 பிஷப்புக்காக யானையையும் கொடுத்தார். அதன்பின் வெள்ளை ராஜா ஈ2, எஃப்3, ஜி3, எச்4 என்று காவலில்லாமல் நடந்து எச்5 வரை இழுபட்டது. 24ஆவது நகர்வில் ரூபின்ஸ்டைன் ஆட்டத்தைக் கைவிட்டார். அந்தப் போட்டியை வென்றவரும் விட்மார்தான்.

பழங்கதை என்று தள்ளுபவர்களுக்கு 1995 இருக்கிறது. ரிகாவில் நடந்த தால் நினைவுப் போட்டியில் விஸ்வநாதன் ஆனந்துக்கு எதிராக காஸ்பரோவ் ஆடியது எவான்ஸ் கேம்பிட். 1820களில் கப்பல் கேப்டன் வில்லியம் டேவிஸ் எவான்ஸ் உருவாக்கிய அது, உயர்மட்டப் போட்டிகளிலிருந்து எப்போதோ ஒதுங்கிப்போயிருந்தது. ஆனந்த் 25 நகர்வுகளில் தோற்றார். அதே ஆண்டு உலகப் பட்டத்துக்காக மோதவிருந்த இருவருக்கு இடையே நடந்த ஆட்டம் இது. இதில் கத்துக்குட்டி யார்?

நம் காலத்துக்கே வருவோம். 2024இல் டொராண்டோவில் நடந்த கேண்டிடேட்ஸ் போட்டியில் விதித் குஜராத்திக்கு எதிராகக் கறுப்பில் ஆடிய பிரக்ஞானந்தா, ரூய் லோபஸின் மூன்றாவது நகர்விலேயே எஃப்5 என்றார். பலர் சந்தேகத்தோடு பார்க்கும் ஷ்லீமன் கேம்பிட் அது. உலகப் பட்டத்துக்கான வழியில் நடந்த அந்த ஆட்டத்தில் வென்றவர் பிரக்ஞானந்தா.

எதிர்ப்பக்கத்துச் சான்றையும் மறைக்க வேண்டியதில்லை. 1992இல் லினாரஸில் நைஜல் ஷார்ட் புடாபெஸ்ட் ஆடினார், கார்போவ் வென்றார். ஆனால் கார்போவிடம் தோற்றதைக் காரணமாக வைத்து ஓப்பனிங்குகளை விலக்கத் தொடங்கினால், மிஞ்சப்போகிற ஓப்பனிங் எது?

வாதம் 3: "கம்ப்யூட்டர் முறியடித்துவிட்டது."

இந்த வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. எங்லண்ட் கேம்பிட், லாட்வியன் கேம்பிட், ஸ்டாஃபோர்ட் கேம்பிட் ஆகியவற்றில் எதிராளி சரியாக ஆடினால், கொடுத்ததற்கு ஈடாக எதுவும் மிஞ்சுவதில்லை. அவற்றை ஆடச் சொல்லி நான் யாருக்கும் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் ஒரு சில கேம்பிட்டுகளின் பாவத்தை எல்லாவற்றின் தலையிலும் ஏற்றுவது நியாயமில்லை. புடாபெஸ்டில் எஞ்சின் வெள்ளைக்குச் சாதகம் காட்டும். ஆனால் அந்தச் சாதகம் ஒரு சிப்பாயின் மதிப்புக்குள்ளேயே அடங்கிவிடும். அதை வெற்றியாக மாற்ற நீண்ட நேரம் துல்லியமாக ஆட வேண்டும். கடிகாரம் ஓட, மனிதர் மனிதரோடு ஆடும் ஆட்டத்தில் அது சுலபமில்லை.

முறியடிப்பு என்ற சொல்லைப் பார்த்து எவ்வளவு நிதானிக்க வேண்டும் என்பதற்கு பாபி ஃபிஷரே சாட்சி. 1960இல் மார் டெல் பிளாட்டாவில் ஸ்பாஸ்கியின் கிங்ஸ் கேம்பிட்டிடம் தோற்றவர், 1961இல் அந்த கேம்பிட்டை முறியடித்துவிட்டதாகக் கட்டுரையே எழுதினார். பிறகு நடந்தது என்ன? அமெரிக்கச் சாம்பியன் போட்டியில் லாரி எவான்ஸுக்கு எதிராகவும், 1968இல் வின்கோவ்ட்சியில் இன்னும் இருவருக்கு எதிராகவும் அவரே கிங்ஸ் கேம்பிட் ஆடினார். மூன்றாவது நகர்வில் குதிரைக்குப் பதில் பிஷப்பைக் கொண்டுவந்தார், அவ்வளவே. மூன்று ஆட்டங்களிலும் வென்றார். தன் கட்டுரை அடைத்தது ஒரு பாதையைத்தான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

வாதம் 4: "ஒருமுறை தெரிந்துவிட்டால் அதோடு சரி."

1918இல் நியூயார்க்கில் ஃபிராங்க் மார்ஷல், கபாபிளாங்காவுக்கு எதிராக ரூய் லோபஸில் ஒரு புதிய சிப்பாய் தியாகத்தை ஆடினார். கபாபிளாங்கா பலகையிலேயே தற்காப்பைக் கண்டுபிடித்து வென்றார். இந்த வாதத்தின்படி அந்த ஆட்டமுறை அன்றே செத்திருக்க வேண்டும். மார்ஷல் அட்டாக் என்ற பெயரில் அது இன்று உச்சமட்ட வீரர்களின் நம்பகமான ஆயுதம். வெள்ளையில் ஆடும் கிராண்ட்மாஸ்டர்கள் பலர் ஏ4, எச்3 என்று வேறு பாதைக்குத் திரும்புவதே அதைத் தவிர்க்கத்தான்.

சிசிலியனுக்கு எதிரான ஸ்மித்-மோரா கேம்பிட்டுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 1972இல் சான் அன்டோனியோவில் கென் ஸ்மித் அதை ஆடி அடுத்தடுத்துத் தோற்க, அது கேலிப்பொருளானது. 2011இல் அமெரிக்க ஓப்பன் போட்டியில் மார்க் எஸ்ஸர்மன் அதே கேம்பிட்டால் நெதர்லாந்து கிராண்ட்மாஸ்டர் லோக் வான் வெலியை வீழ்த்தினார். இத்தனை ஆண்டுகளில் யாருக்கும் தெரியாத ரகசியமாகவா அது இருந்தது? சதுரங்கத்தில் எல்லாக் காய்களும் இருவர் கண்ணெதிரேதான் நிற்கின்றன. நல்ல கேம்பிட், எதிராளிக்குத் தெரிந்த பிறகும் அவருக்குச் சிக்கலைக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

வாதம் 5: "வளரும் பிள்ளைகளைக் கெடுத்துவிடும்."

எனக்கு மிகவும் கவலை தரும் வாதம் இதுதான். இதற்குப் பலியாவது பிள்ளைகளின் ஆர்வம். நைடார்ஃப் சிசிலியனில் பதினைந்து நகர்வுகளை மனப்பாடம் செய்த மாணவர், பதினாறாவதில் எதிராளி புதிதாக ஒன்றை ஆடியதும் கையைப் பிசைவதை எந்தப் போட்டி அரங்கிலும் பார்க்கலாம். நகர்வு தெரியும், காரணம் தெரியாது. கேம்பிட் ஆடுபவருக்கு அந்த வசதி கிடையாது. சிப்பாய் ஒன்று குறைகிறது என்ற நினைப்பு, ஒவ்வொரு நகர்விலும் "இது எனக்கு என்ன வாங்கித் தருகிறது?" என்று கேட்கவைக்கும். எத்தனை காய் வெளியே வந்திருக்கிறது, எதிராளியின் ராஜா கோட்டைக்குள் போய்விட்டதா, எந்தக் கோடு திறந்திருக்கிறது என்று எண்ணிப் பார்க்கும் பழக்கம் அங்கேதான் வேர்பிடிக்கிறது.

எதிரில் ஆடுபவருக்கும் அதில் பாடம் உண்டு. டேனிஷ் கேம்பிட்டில் வெள்ளை இரண்டு சிப்பாய்களைக் கொடுத்துவிட்டு, இரு பிஷப்புகளையும் கறுப்பு ராஜாவின் பக்கம் திருப்பி வைக்கிறது. எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்கிற கறுப்பு மூச்சுத் திணறும்; டி5 ஆடி வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தால் நிம்மதியாக ஆடலாம். எவான்ஸ் கேம்பிட்டுக்கு லாஸ்கர் காட்டிய மருந்தும் இதே வகைதான். எப்போது எடுப்பது, எப்போது விட்டுக்கொடுப்பது என்ற இந்த அறிவு, எந்த ஓப்பனிங் ஆடினாலும் கடைசிவரை உதவும்.

ஆகவே பயிற்சியாளர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை ஒரு விசித்திரமான கேம்பிட்டோடு வந்தால் தடுக்காதீர்கள். பலகையில் அடுக்கச் சொல்லி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எதிராளி மிகச் சரியாக ஆடினால், பத்தாவது நகர்வில் உன் கையில் என்ன இருக்கும்?" சிப்பாய் திரும்பி வந்திருக்கலாம், காய்கள் முந்திக்கொண்டு வந்திருக்கலாம், எதிராளியின் சிப்பாய் வரிசை உடைந்திருக்கலாம். இவற்றில் ஒன்றைப் பிள்ளையால் காட்ட முடிந்தால், அந்த கேம்பிட்டை அடுத்த போட்டியிலேயே ஆடட்டும். காட்ட முடியாவிட்டால், அது ஏன் வேண்டாம் என்பதைப் பிள்ளையே கண்டுபிடித்துவிடும். நம் தடையைவிட அந்தக் கண்டுபிடிப்புதான் பிள்ளையை நல்ல ஆட்டக்காரராக்கும்.