கொத்தமல்லிக்கு எதற்குக் கூடாரம்?

கொல்கத்தாவில் மொட்டைமாடி வைத்திருக்கும் யாரிடமாவது "நாலு செடி வைக்கலாம்னு இருக்கேன்" என்று சொல்லிப் பாருங்கள். மறுகேள்வி தயாராக இருக்கும்: "மண்ணிலேயா, ஹைட்ரோபோனிக்ஸா?" என்ன செடி, வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, தண்ணீர் கார்ப்பரேஷன் குழாயா, போர் தண்ணியா, ஊருக்குப் போனால் யார் ஊற்றுவார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. முதலில் ஏதாவது ஒரு கட்சியில் சேர்ந்தாக வேண்டும்; செடியெல்லாம் அப்புறம்.

லேக் மார்க்கெட்டைச் சுற்றியுள்ள நம் தமிழர் வீடுகளில் இந்த ஜுரம் சற்று அதிகம். பிள்ளைக்கு செக்டர் ஃபைவ் ஐடி கம்பெனியில் வேலை. ரிட்டயர் ஆன அப்பா சும்மா இருக்க வேண்டாமே என்று, தண்ணீரிலேயே செடி வளர்க்கும் ஹைட்ரோபோனிக்ஸ் ஸ்டார்ட்டர் கிட் ஒன்றை வாங்கித் தந்துவிடுகிறான். ஓட்டை போட்ட வெள்ளை பிளாஸ்டிக் குழாய்கள், ஒரு குட்டி மோட்டார், ஏ என்றும் பி என்றும் எழுதிய இரண்டு பாட்டில், தண்ணீரின் அமிலத்தன்மையை, அதாவது பிஹெச்சை, பார்க்க ஒரு கட்டு காகிதச் சீட்டு. "மண்ணே வேண்டாம்ப்பா, அழுக்கே இல்லை" என்று ஒரு வாக்குறுதி வேறு. மார்கழி, தை வரை கீரை தளதளவென்று வரும். போட்டோக்கள் வரும். பங்குனி முடிந்ததும் எனக்குப் போன் வரும்.

"ஏம்மா, போன வாரம் வரைக்கும் நன்னாத்தானே இருந்தது? இப்போ வேரெல்லாம் பழுப்பா, சாக்கடை நாத்தம் அடிக்கறதே?"

"மாமா, குழாயைத் தொட்டுப் பார்த்தேளா?"

"சுடறது."

"அதான்."

இதில் ரகசியம் ஒன்றுமில்லை. 20 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்து நிற்கும். 35 டிகிரியில் அது 7-க்கு இறங்கிவிடும். ஆனால் சூடு ஏற ஏற வேருக்கு மூச்சு அதிகம் தேவைப்படும். வரவு குறைந்து செலவு கூடும் அந்த நேரத்தில்தான் பித்தியம் என்கிற வேரழுகல் உள்ளே நுழைகிறது. ஒரே தண்ணீர் எல்லாச் செடிக்கும் சுற்றி வருவதால், ஒன்றுக்கு வந்தால் வரிசை முழுக்கப் போகும். சித்திரை வெயிலில் சிமெண்ட் தளத்தின் மேல் கிடக்கும் குழாய்க்குள் தண்ணீர் என்ன பாடுபடும் என்று அந்தக் கிட் பெட்டியின் மேல் ஒரு வரி அச்சிட்டால் என்ன குறைந்துவிடும்?

அப்புறம் கால்பைசாகி என்கிற கோடைப் புயல்மழை. சாயங்காலம் வானம் கறுத்து ஒரு காற்று அடித்தால், எங்காவது மரம் விழுந்து கரண்ட் போகும். 2020 மே 20 அன்று ஆம்பன் புயல் வந்தபோது நகரத்தின் பல பகுதிகள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. குழாயில் மெல்லிய படலமாக ஓடும் தண்ணீரை நம்பியிருக்கும் செடிக்கு மோட்டார் நின்றால், வெயில் நேரத்தில் சில மணி நேரமே கெடு. மண் தொட்டியில் இருப்பது ஒரு பகலாவது தாக்குப்பிடிக்கும்.

தண்ணீர் தேங்கினால் கொசு. டெங்கு காலத்தில் மாடி மாடியாக ஏறி டார்ச் அடித்துப் பார்க்கிறார்கள் மாநகராட்சி ஊழியர்கள். பூந்தொட்டித் தட்டையே கவிழ்த்து வைக்கச் சொல்கிற ஊரில், மூடி சரியில்லாத நாற்பது லிட்டர் தொட்டியை "இது விஞ்ஞானம்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அவர்கள் திட்டுவது நியாயம்தான்.

இவ்வளவும் தெரிந்த ஊரில், இந்த ஹைட்ரோபோனிக்ஸ் உபதேசம் எங்கிருந்து இறங்குகிறது? எனக்கு எரிச்சலே இங்கேதான். வட அமெரிக்காவில் வீட்டு ஹைட்ரோபோனிக்ஸ் கடைகள் கொழித்ததற்குப் பெரிய காரணம் கீரை அல்ல, கஞ்சா. வெளியே பனி, உள்ளே மூடிய அறை, வெள்ளித்தாள் ஒட்டிய கூடாரம், விளக்கு, விசிறி. அந்தச் செடிக்கு அங்கே கிடைக்கும் விலைக்கு இத்தனை செலவும் கட்டுபடியாகும். புல்தரை உரம் விற்றுப் பேர் வாங்கிய ஸ்காட்ஸ் மிராக்கிள்-க்ரோ கம்பெனி 2014-ல் ஹாதோர்ன் என்ற துணை நிறுவனத்தைத் தொடங்கி, மறு வருடமே ஜெனரல் ஹைட்ரோபோனிக்ஸை வாங்கியது இந்தச் சந்தையைக் குறிவைத்துத்தான். கனடா 2018 அக்டோபரில் சட்டத்தைத் தளர்த்தியதும், பெரும்பாலான மாகாணங்களில் வீட்டுக்கு நாலு செடி வளர்க்கலாம் என்றானது. "புதிதாக வளர்ப்பவருக்கு மண்ணா, தண்ணீரா?" என்ற கேள்வி அவர்களுக்கு நிஜமான கேள்வி. இங்கே அதை அப்படியே தூக்கி வந்து, செடியின் பெயரை மட்டும் கொத்தமல்லி என்று மாற்றிவிட்டார்கள். பதினெட்டு மணி நேர விளக்கு, கூடாரம், பாட்டில் உரம் எல்லாம் அப்படியே. கொத்தமல்லிக்கு எதற்கய்யா கூடாரம்?

அதிலும் பாதியைத்தான் கொண்டுவந்தார்கள். அங்கே விவரம் தெரிந்தவர்கள் புதியவருக்கு முதலில் மண்ணைத்தான் காட்டுகிறார்கள். தண்ணீரில் வளர்ச்சி வேகம், ஆனால் பிஹெச் தவறினால் தவறின அன்றே தெரியும். மண் நம் அசட்டுத்தனத்தைக் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளும். இந்தப் பாதி விற்பனைக்கு உதவாது, கப்பலேறவில்லை.

மூலச்செடியையே வளர்த்துப் பார்க்கலாமே என்று யாருக்காவது விபரீத ஆசை வந்தால், 1985-ம் வருடத்துப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 20-வது பிரிவைப் படிக்கட்டும். கஞ்சா பயிரிட்டால் பத்தாண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். வேர் மண்ணில் இருந்ததா, தண்ணீரில் தொங்கியதா என்று நீதிபதி கேட்கமாட்டார்.

வங்காளத்துக்கு அந்தச் செடி புதிதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இன்று வங்கதேசத்தில் இருக்கும் நவ்காவ் பக்கம், பிரிட்டிஷ் காலத்தில் லைசென்ஸ் வாங்கி, வரி கட்டி, வெள்ளம் தேங்காத மேட்டு மண்ணாகப் பார்த்துப் பயிரிட்டார்கள். ஹேம் சந்தர் கேர் 1877-ல் அதைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். 1893-94-ல் ஒரு கமிஷனே உட்கார்ந்து ஏழு தொகுதிக்கு விசாரித்தது. 1917-ல் விவசாயிகள் கூட்டுறவுச் சங்கமும் வைத்தார்கள். பாட்டிலும் பம்ப்பும் இல்லாத காலம். சரி, அந்தக் கதை அங்கேயே இருக்கட்டும்.

வயிற்றெரிச்சல் வேறு ஒன்று. மண்ணில்லாமல் வளர்க்கும் முறை ஒன்று இந்த மாநிலத்தின் பெயரிலேயே இருக்கிறது. கலிஃபோர்னியாவில் கெரிக்கி என்ற பேராசிரியர் முப்பதுகளில் தக்காளியைத் தண்ணீரில் மாடி உயரத்துக்கு ஏற்றிக் காட்டினார். ஹைட்ரோபோனிக்ஸ் என்ற பெயர் 1937-ல் வழக்குக்கு வந்தது. அது பணக்கார முறை. 1946-ல், அன்று டார்ஜிலிங் மாவட்டத்தில் இருந்த காலிம்போங்கில் ஜேம்ஸ் ஷோல்டோ டக்ளஸ் என்பவர், சாதாரண இந்திய வீட்டுக்கு இதை எப்படிச் சுருக்குவது என்று பார்த்தார். தொட்டியில் கல்சில்லும் மணலும். அளந்த உப்பு உரத்தை உலர்வாகவே மேலே தூவி, பூவாளியால் தண்ணீர் தெளிக்க வேண்டியது. மோட்டார் கிடையாது, கரண்ட் கிடையாது. 1951-ல் ஆக்ஸ்ஃபோர்டு யுனிவர்சிட்டி பிரஸ் வெளியிட்ட அவருடைய புத்தகத்தின் பெயரிலேயே 'பெங்கால் சிஸ்டம்' இருக்கிறது. உலகத்தின் பல மூலைகளில் அதைப் படித்தார்கள். இங்கே எந்தக் கிட் பெட்டியிலும் அந்தப் பெயரை நான் பார்த்ததில்லை. பார்க்கவும் மாட்டோம், கல்சில்லும் மணலும் விற்று யார் லாபம் பார்ப்பது?

மண்கட்சிக்காரர்கள் உடனே சிரிக்க வேண்டாம். உங்கள் பக்கமும் அழகாக இல்லை. "ரெடி மிக்ஸ்" என்று மூட்டையில் வருவது பல நேரம் எங்கோ அஸ்திவாரம் தோண்டிய களிமண். ஏட்டேல் மாட்டி என்பார்கள் இங்கே. ஆடி மழையில் குழைந்து, கார்த்திகையில் ஓடாகக் காயும். சொர்ஷே கோல், அதாவது கடுகுப் பிண்ணாக்கு, ஊறவைத்த தண்ணீர் ரோஜாவுக்கு அமிர்தம்தான். பத்து மடங்கு தண்ணீர் கலந்தாலும் கீழ்வீட்டு மாஷிமாவுக்கு அது அமிர்தமாகப் படுவதில்லை. பழைய வீடுகளில் கொடி-பொர்கா கூரை, உத்தரமும் குறுக்குச் சட்டமும்தான் தாங்குகின்றன. அதன் நடுவில் ஈரமண் நிறைந்த டிரம்களை வரிசையாக வைத்துவிட்டு, கீழே விரிசல் வந்ததும் மழையைத் திட்டுகிறார்கள். எடை குறையட்டும் என்று தேங்காய் நார்த்தூள் வாங்கினால் அது பொள்ளாச்சியிலிருந்து வந்தது. ஊர் பெயரைப் பார்த்த பாசத்தில் கழுவாமல் கொட்டினால் அதிலுள்ள உப்பு இளநாற்றைக் கருக்கிவிடும்.

தண்ணீர் விஷயமும் இப்படித்தான். தெற்கு கொல்கத்தாவில் கார்டன் ரீச்சில் சுத்திகரித்து வரும் ஹூக்ளித் தண்ணீர் ஒரு வீட்டுக்கு, இரும்பும் சுண்ணாம்பும் கலந்த ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பக்கத்து அடுக்குமாடிக்கு. பக்கெட்டில் பிடித்து வைத்தால் அடியில் துருநிறம் படியும் தண்ணீரில் பிஹெச்சை 6-க்கு இறக்கினால், இரண்டு நாளில் அது மறுபடி ஏறி உட்கார்ந்திருக்கும். மண்ணில் ஊற்றினால் இத்தனை சண்டை இல்லை.

ஆகவே, என்னைக் கேட்டால் பதில் இது. முதல் முறையா? மண். துர்கா பூஜை முடிந்து ஐப்பசியில் ஆரம்பியுங்கள். இந்த ஊரின் தோட்டக்காலம் அதுதான். ஞாயிற்றுக்கிழமை பாக்பஜார் காலிஃப் ஸ்ட்ரீட் சந்தையிலோ, 1820-ல் வில்லியம் கேரி தொடங்கி, இப்போது அலிப்பூரில் இருக்கும் தோட்டக்கலைச் சங்கத்திலோ நாற்று கிடைக்கும். மண்ணோடு தொழுவுரமும் கொஞ்சம் மணலும் கலந்தால் போதும். தண்ணீரில்தான் வளர்ப்பேன் என்று பிடிவாதமா? கார்த்திகையில், ஒரு மூடிய வாளியில், ஹவாய்ப் பல்கலைக்கழகத்து கிராட்கி காட்டிய மோட்டாரில்லா முறையில் லெட்யூஸ் போடுங்கள். பங்குனிக்குள் அறுத்துச் சாப்பிட்டுவிட்டு வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிடுங்கள்.

கறிவேப்பிலையைக் குழாயில் வளர்க்கலாமா என்று மட்டும் இனி யாரும் எனக்குப் போன் செய்யாதீர்கள். அது மரம். பெரிய தொட்டி, மண், நல்ல வெயில். அது தழைக்கிற வரைக்கும் லேக் மார்க்கெட்டில் வாங்கிக்கொள்ளுங்கள்.