காஞ்சியிலிருந்து கோகு வரை

பாடசாலை விட்டு வீடு திரும்பும் கண்டி மஹய்யாவச் சிறுவர்களின் சம்பாஷணையில் அடிக்கடி செவியிற்படும் பெயர் கோகு என்பது. அகிரா தோரியாமா என்னும் ஜப்பானியச் சித்திரக்காரர் 1984 முதல் 1995 வரை ஒரு வார இதழில் தொடர்ந்து வரைந்த ‘டிராகன் பால்’ என்னும் மங்காவின் கதாநாயகனாகிய அவன், அனிமே வழியாகத் தொலைக்காட்சிக்கும், பின்னர் வீடியோ கேம்களுக்கும் வந்து, இன்று எமது பிள்ளைகளின் கைத்தொலைபேசிகளிலும் குடிபுகுந்துவிட்டான். பொழுதை வீணாக்கும் அந்நிய வேடிக்கை என்று பெரியோர் இதனைக் கண்டிக்கிறார்கள். அவர்களது கவலை நியாயமானதே. ஆயினும் இக்கதையை முற்றிலும் அந்நியமென்று தள்ளிவிடுவது சரியான அபிப்பிராயம் அன்று.

கோகுவின் வாலும், நீளும் கோலும், அவன் ஏறிப் பறக்கும் மேகமும், பதினாறாம் நூற்றாண்டுச் சீன நவீனமாகிய ‘மேற்கு நோக்கிய பயணம்’ என்னும் கிரந்தத்தில் வரும் குரங்கரசனிடமிருந்து பெறப்பட்டவை. அந்தக் குரங்கரசன் எவருக்குத் துணையாகப் பாரத தேசத்துக்குப் புறப்படுகிறானோ, அவர் ஏழாம் நூற்றாண்டில் மெய்யாகவே வாழ்ந்த யுவான் சுவாங் என்னும் பிக்ஷு. பௌத்த நூல்களைத் தேடி வந்த அவர், 640 ஆம் ஆண்டளவில் பல்லவரின் காஞ்சிபுரத்தை அடைந்து, அங்கிருந்து இலங்கைக்குக் கடல் கடக்க எண்ணியிருந்த வேளையில், அரசன் இறந்துபட்டான் என்றும் நாடு பஞ்சத்தால் வாடுகிறது என்றும் இலங்கையிலிருந்து வந்த பிக்ஷுக்கள் சொல்லக் கேட்டு, அந்த எண்ணத்தைக் கைவிட்டார். எனினும் தாம் காணாத இத்தீவைப் பற்றிக் கேள்வியுற்றதை அவர் எழுதி வைத்தார். அரண்மனைக்கு அருகே விளங்கிய, புத்தரின் தந்ததாது ஆலயத்தின் வருணனையும் அதில் உண்டு. அன்று அநுராதபுரத்தில் இருந்த அந்தத் தாதுவே இன்று நமது கண்டி நகரின் தலதா மாளிகையில் வைத்துப் போற்றப்படுகின்றது. இவ்வளவு நெருங்கிய ஒரு யாத்திரையின் நினைவு, சீனத்திலே காவியமாகி, ஜப்பானிலே சித்திரமாகி, இன்று விளையாட்டு உருவில் மஹய்யாவ வரையில் வந்திருக்கிறது.

சித்திரக் கதையை விளையாட்டாக மாற்றுவது எளிய காரியமன்று. 1986 இல் ஃபமிகாம் என்னும் விளையாட்டுக் கருவிக்கு வந்த முதற் கேம்களில் ஒன்றில் கோகு சிறு புள்ளிகளால் ஆன உருவமாகவே இருந்தான். வானத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பறந்து பொரும் வீரர்களைச் சிறிய திரைக்குள் காட்டும் வகையறியாது திகைத்த கேம் சிற்பிகள், 1993 இல் வந்த ‘சூப்பர் புதோடென்’ என்னும் கேமில், இருவரும் தூர விலகியவுடன் திரை இரண்டாகப் பிரிந்து ஒவ்வொருவரையும் தனித்தனியே காட்டும் உபாயத்தைக் கண்டார்கள். 2018 இல் வந்த ‘ஃபைட்டர் இசட்’ கேமிலோ, கணினியில் முப்பரிமாணமாக அமைந்த உருவங்கள் தோரியாமா கையால் வரைந்த கோடுகளைப் போலவே தோற்றமளித்தன.

இவற்றினும் என் உள்ளத்தைக் கவர்ந்தது 2015 இல் வெளிவந்த ‘ஜெனோவர்ஸ்’. அதில் விளையாடுபவன் கோகுவாக அன்றி, தானே சிருஷ்டித்த ஒரு வீரனாகிறான். தீயோர் சிலர் காலத்தினுள் நுழைந்து பழங்கதையின் போக்கைக் குலைத்துவிட, அதனை முன்போல் நிலைநிறுத்துவது அவன் கடமை. கதையைக் கேட்டு மகிழ்ந்த பிள்ளை, இங்கே அக்கதையின் காவலனாக நியமிக்கப்படுகிறான். வெறும் அடிதடியை மாத்திரம் எடுத்துக்கொண்டு கோகுவின் குருபக்தியையும் பல்லாண்டுப் பயிற்சியையும் விட்டுவிடும் கேம்களுக்கும், 2020 இல் வந்த ‘ககரோட்’ போல மீன் பிடித்தலையும் குடும்பத்தாருடன் உண்ணுதலையும் சேர்த்துக் காட்டும் கேம்களுக்கும் உள்ள பேதத்தைப் பெற்றோர் அறிந்துகொள்ள வேண்டும். முன்னையவை கைவிரல்களுக்கு வேலை தருகின்றன. பின்னையவை கதையையும் தருகின்றன.

மஹய்யாவத் தமிழரின் முன்னோர், நகரைச் சுத்தமாக வைத்திருக்கும் கடுந்தொழிலுக்காக வெள்ளையர் காலத்தில் தமிழகத்திலிருந்து அழைத்து வரப்பட்டவர்கள். மலையகம் எங்கணும் குடியேறிய நம்மவர் உடைமை என்று சொல்லத்தக்கதாக அதிகம் எதுவும் கொண்டு வரவில்லை. ஆனால் காமன் கூத்தையும் பொன்னர் சங்கர் கதையையும் அருச்சுனன் தபசையும் நெஞ்சிலே சுமந்து வந்தார்கள். பாசுபதம் என்னும் ஆயுதத்தைப் பெறுவதற்காக அருச்சுனன் இயற்றிய தவமும், பகைவனை வெல்லும் ஆற்றலுக்காகக் கோகு மேற்கொள்ளும் கடும்பயிற்சியும் ஒரே தர்மத்தைப் போதிக்கின்றன: ஆயுதத்துக்கு முன் தகுதி வேண்டும். ஆயினும் கோகுவுக்குக் கிடைத்த புதிய வடிவம் அருச்சுனனுக்கு நம்மிடையே கிடைக்கவில்லை. கோகுவின் கேம்களிலோ தமிழ் எழுத்து இல்லை.

இது தீராத குறையன்று. 2023 இல் கனடாவின் டொராண்டோ நகரிலிருந்து வெளிவந்த ‘வெண்பா’ என்னும் கேம், கனடாவுக்குப் புலம்பெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தைப் பற்றியது. தாய் வழி வந்த சமையற் குறிப்பேட்டில் அழிந்துபோன வரிகளை ஊகித்து, இட்லியையும் புட்டையும் சரியான முறையில் ஆக்குவதே அதன் விளையாட்டு. பிரித்தானியாவின் பாஃப்டா அமைப்பு 2024 இல் சிறந்த அறிமுக கேமுக்கான விருதை அதற்கு அளித்தது. பெருங்கம்பனியின் துணையின்றிச் சிறு குழுவொன்று தமிழர் வாழ்க்கையை உலகம் விளையாடும் பொருளாக்கியது என்றால், பேராதனையிலும் கண்டியிலும் கணினி பயிலும் நமது இளைஞருக்கு அது கைகூடாத காரியமா?

பெற்றோருக்கு நான் விண்ணப்பிப்பது ஒன்றே. பிள்ளையின் கையிலிருந்து போனைப் பறிப்பதற்கு முன், அவன் அருகில் அமர்ந்து, கோகு யார், எதற்காகப் போராடுகிறான் என்று கேளுங்கள். அவன் ஆர்வத்துடன் சொல்லி முடித்ததும், உங்கள் பாட்டனார் விடிய விடியக் கண்ட அருச்சுனன் தபசின் கதையை அவனுக்குச் சொல்லுங்கள். அக்கதையை அறியாத பிள்ளை அதனை ஒருநாளும் கேமாக ஆக்கமாட்டான்.