பாரைப் பாழாக்கும் ‘பார்’

‘பார்’ என்பது தமிழ்ச்சொல். நிலத்தையும் உலகத்தையும் பாறையையும் குறிக்கப் புலவர் ஆண்ட சொல். கரும்பு நடும் உழவன் இன்றும் மண்ணை அணைத்துப் பார் பிடிக்கின்றான். தாய் நிலவைக் காட்டிக் குழவிக்குச் சொல்லும் சொல்லும் அதுவே. இத்துணை வளஞ்சான்ற சொல் இன்று தமிழ்நாட்டுத் தெருவில் ஒலித்தால் கேட்பவன் உள்ளத்தில் தோன்றுவது நிலமா? நிலவா? சாராயப் புட்டியும் நெகிழிக் குவளையும் அல்லவா தோன்றுகின்றன! வீட்டுக்குரியவனை வெளியே தள்ளி, அவன் பெயரையே சூடிக் குடியேறிவிட்டது ஆங்கிலச் சொல்.

அதன் வரலாறு யாது? பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலம் கொண்ட கடன் அது. கழி, குறுக்குக் கட்டை என்பதே அடிப்பொருள். கதவுக்குக் குறுக்கே இட்ட மரத்துக்கு அப்பெயர். வழிமறிக்கும் தடைக்கு அப்பெயர். வழக்குமன்றத்தில் நடுவரிருக்கும் பகுதியைப் பிரித்து நின்ற மரத்தடுப்புக்கும் அப்பெயர். அத்தடுப்பருகே நின்று வழக்காடியோர் குழுவும் அப்பெயர் பெற்றது. குடிப்பொருள் விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் இடையே நீண்டு கிடந்த பலகைக்கு வழங்கிய பெயர், பின்னர்க் கடைக்கே ஆயிற்று. பலகைக்குப் பின்னின்று ஊற்றித் தருபவன் ‘பார்டெண்டர்’ ஆனான். 1,00,000 பாசுகல் அழுத்தத்தைக் குறிக்கும் ‘பார்’ மட்டும் வேறு. அது எடை என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லினின்று பிறந்தது.

ஆங்கிலேயனுக்கு இஃது ஒரு வேரிற் கிளைத்த மரம். அவன் மொழி, அவன் வளர்த்தான், அதிற் குற்றமில்லை. தமிழனுக்கோ இது வேரற்ற வெட்டுக்கட்டை. வழலைக்கட்டியும் பார், இரும்புக் கம்பியும் பார், உடற்பயிற்சிக் கழியும் பார், வழக்கறிஞர் மன்றமும் பார், கள்ளுக்கடையும் பார்! கட்டி, கம்பி, கழி, மன்றம், கடை என ஐந்து சொல் நின்ற இடத்தில் இன்று ஓரொலி. ஐந்து விரலையும் வெட்டியெறிந்து மரக்கை பொருத்திக் கொள்வதை வளர்ச்சி என்பார் உண்டோ?

“தமிழில் இதற்குச் சொல் ஏது?” என வினவுவோர் சங்க நூல்களைப் புரட்டியதில்லை. கள், நறவு, தேறல், மட்டு, பிழி, தோப்பி, அரியல் என எத்தனை சொற்கள்! நறவு விற்குமிடத்தில் அடையாளக்கொடி பறந்ததைப் பட்டினப்பாலை காட்டுகின்றது. புகார் நகரில் கள் விற்ற மகளிரை இளங்கோவடிகள் கண்ணொடையாட்டியர் என்றார். கள், நொடை, ஆட்டி எனப் பிரித்தால் கள் விற்பவள் என்பது விளங்கும். கடைக்கும் விற்பவர்க்கும் குடிவகைக்கும் பெயர் வைத்த மொழியா வறிய மொழி?

சொல்லிழப்பினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. கள்ளுக்கடை, சாராயக்கடை என்னும் பெயர்களில் நாணம் ஒட்டியிருந்தது. “சாராயக்கடைக்குப் போகிறேன்” என்று தந்தைமுன் சொல்ல மகனுக்கு நாவெழாது. “பாருக்குப் போகிறேன்” என்பதற்கு அந்த நாக்கூச்சம் இல்லை. நாணம் என்னும் நல்லாள் கள்ளுண்பானுக்கு முதுகு காட்டுவாள் என்றார் வள்ளுவர், 93ஆம் அதிகாரத்தில். இன்றோ குடிக்கு முன்னரே, கடைப்பெயரே அவளைத் துரத்திவிடுகின்றது!

1983இல் தோன்றிய தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் 2003இல் சில்லறை விற்பனையையும் தன் கையில் எடுத்தது. கடையை ஒட்டிய கொட்டகையில் தொங்கும் பலகை ‘அரசு அனுமதி பெற்ற பார்’ என்கின்றது. நான்கு சொல்லில் ஒன்று வடமொழி, ஒன்று ஆங்கிலம். தாலியை அடகு வைத்த மனைவிக்கும் பள்ளியை விட்டு வேலைக்குப் போன மகனுக்கும் அப்பலகை என்ன பொருள் தரும்? அவர்கள் வாழ்வுக்கு அது குறுக்குக் கட்டைதான். ஆங்கிலச் சொல்லின் அடிப்பொருள் அங்கே மட்டும் பொருந்துகின்றது!

கடைகளை மூடுக. மூடும்வரை உண்மைப் பெயரையேனும் எழுதுக: சாராயக்கடை, குடிப்பகம், ஊற்றுபவன் கள்வார்ப்போன். பார் என்னும் சொல்லை உழவனின் நிலத்துக்கும் குழவியின் கண்ணுக்கும் மீட்டுத் தருக.

தமிழா, விழித்துப் பார்!