மெஷின் போடும் கைத்தையல்

பவர்டேபிள் என்கிற மின்சாரத் தையல் மேஜையில் உட்கார்ந்து பனியன் தைக்கிற டெய்லருக்கு விதிக்கப்பட்ட முதல் தர்மம் ஒழுங்கு. ஓர் அங்குலத்துக்கு இத்தனை தையல் என்று ஆர்டர் கொடுத்தவர் எழுதிக் கொடுத்துவிட்டால், அதில் ஒன்று கூடினாலும் குறைந்தாலும், ஓரிடத்தில் நூல் தளர்ந்து மற்றோரிடத்தில் இறுகினாலும், செக்கிங் மேஜையில் நிற்கும் பெண் அந்தப் பீஸை மறுபேச்சின்றி ஒதுக்கிவைத்துவிடுவாள். இப்படி ஒழுங்கையே ஜீவனமாகக் கொண்ட திருப்பூரிலே, மாலையில் வீடு திரும்பிச் சொந்த மெஷினில் கட்டிங் துண்டுகளை இணைத்துக் குழந்தை விரிப்போ பஞ்சு வைத்த போர்வையோ தைக்க உட்காரும் பெண்மணியிடம், "மெஷினில் போட்டது மாதிரித் தெரியக்கூடாது, கையால் போட்டது மாதிரி இடைவெளி விட்டு, கொஞ்சம் ஏறுமாறாகவே இருக்கட்டும்" என்று கேட்கிற ரசிகர்களும் இன்று உண்டு. பகலில் கூலிக்கு உலைவைக்கும் குறையே இரவில் விலையைக் கூட்டும் குணமாகிவிடுகிற இந்த விசித்திரத்தைப் பற்றி எனக்குச் சில அபிப்பிராயங்கள் இருக்கின்றன.

கையால் தைத்த போர்வைக்கு நம் தேசத்தில் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. வங்காளத்தில் காந்தா, பிகாரில் சுஜனி, மகாராஷ்டிரத்தில் கோதடி, கர்நாடகத்தில் கௌதி. நம் வீடுகளில் பாட்டிமார் பழைய சேலைகளை நாலைந்து மடிப்பாக அடுக்கி, பிள்ளை பெற்ற வீட்டுக்கென்று தைத்து வைத்த விரிப்புக்குத் தனிப்பெயர் ஏதும் வைத்ததாகத் தெரியவில்லை; ஆனால் தையல் எங்கும் ஒன்றேதான். ஊசி மேலும் கீழுமாக ஓடுகிற சாதாரண ஓட்டுத்தையல்.

அந்தச் சாதாரணத் தையலை மெஷினால் எளிதில் போடமுடியாமற்போனதற்குக் காரணம் ஊசியில் இருக்கிறது. கையிலே பிடித்த ஊசி துணியின் ஒருபுறத்தில் நுழைந்து மறுபுறத்தில் முழுவதுமாக வெளியேறிவிடுகிறது; ஒரே நூல் இப்படி மாறிமாறி இருபுறமும் ஓடுவதால், ஒவ்வொரு தையலுக்குப் பிறகும் ஓர் இடைவெளி இயல்பாகவே உண்டாகிறது. 1846ஆம் வருஷம் எலியாஸ் ஹோவ் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற மெஷினிலோ, ஊசியின் கண் முனையருகே இருக்கிறது. அது துணியைத் துளைத்துச் சிறிது தூரமே இறங்கி, அடியில் உள்ள நூலோடு தன் நூலைப் பிணைத்துவிட்டு வந்த வழியே திரும்பிவிடுகிறது. பின்னிக்கொள்ளும் இரண்டு நூல்களில் ஒன்று மேலேயும் மற்றது கீழேயும் அறாமல் ஓடுவதால், இடைவெளிக்கே இடமில்லை. அதற்கு முன்பே, 1820களின் இறுதியில், மியூலூஸ் நகரத்து ஜோசுவே ஹைல்மான் இருமுனையும் கூராக்கி நடுவிலே கண் வைத்த ஊசியைத் துணி வழியே முழுவதும் போய்வரச் செய்யும் பூவேலை மெஷினை அமைத்தார். ஆனால் ஊசியில் கோத்த நூல் முழுவதையும் ஒவ்வொரு தையலுக்கும் இழுத்தாகவேண்டியிருந்ததால், அந்த வழி வீட்டு மெஷினுக்கு வந்துசேரவில்லை. ஜப்பானியர் தங்கள் சஷிகோ கைத்தையலுக்காகவே ஒற்றை நூலில் ஓடும் மெஷின் ஒன்றைச் செய்து விற்கிறார்கள். அது அந்த ஒரு தையலைத் தவிர வேறொன்றும் அறியாது.

ஆகவே, வீட்டு மெஷினில் கைத்தையல் என்பது ஒரு பிரமையை உண்டாக்குகிற வித்தையே. மேலே சாதாரண நூலுக்குப் பதிலாக நிறமற்ற மெல்லிய நைலான் இழையைக் கோத்து, பாபினில் போர்வைக்கு எடுப்பான நிறத்தில் பருத்தி நூலைச் சுற்றி, மேல் டென்ஷனை வழக்கத்துக்கு மீறி இறுக்கி, தையலின் நீளத்தையும் கூட்டிவைத்து மெதுவாக மிதித்தால், ஊசி மேலேறும்போதெல்லாம் அடிநூலையும் உடன் இழுத்துக்கொண்டு வருகிறது. நைலான் கண்ணுக்குப் புலப்படாததால், அடிநூல் தலைகாட்டும் இடங்கள் தையலாகவும் மற்ற இடங்கள் வெற்றிடமாகவும் தோன்றுகின்றன. பழைய உஷா மெஷினில் இது பொட்டுப் பொட்டாகத்தான் விழும். கம்ப்யூட்டர் வைத்த மெஷின்களிலே, ஊசி முன்னும் பின்னுமாகப் போய்வந்து அந்தப் பொட்டைச் சிறு கோடாக நீட்டுவதற்கென்றே தனித்தையல் ஒன்று வைத்திருக்கிறார்கள். டென்ஷன் ஒரு பிடி கூடினால் துணி சுருங்கும், ஒரு பிடி குறைந்தால் அடிநூல் மேலே வராது. இஸ்திரியின் சூடு மிஞ்சினால் நைலான் உருகிப்போகும். அசலா போலியா என்று அறிய விரும்புகிறவர்கள் போர்வையைப் புரட்டினால் போதும்: கைத்தையலுக்கு முதுகிலும் இடைவெளி உண்டு, இதிலே பாபின் நூல் ஒரே கோடாக ஓடியிருக்கும்.

இதைப் புரட்டு என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஒரு கருவியின் சுபாவத்தை அறிந்து, அதன் சுபாவத்துக்கு விரோதமான காரியத்தை அதனிடமே வாங்குவதற்குச் சாமர்த்தியம் வேண்டும். சொந்தப் பேத்திக்குத் தைக்கிற பாட்டி இந்த உபாயத்தைக் கையாண்டால் அவரை யார் கேட்கமுடியும்? போர்வை கடைக்கு வந்து, "கைவேலை" என்ற சீட்டைக் கட்டிக்கொள்ளும்போதுதான் ஆட்சேபணை பிறக்கிறது. அந்தச் சீட்டு, மெய்யாகவே வாரக்கணக்கில் ஊசி பிடிக்கும் சுஜனிக்காரியின் விலையைக் கீழே இழுக்கிறது. மெஷினில் தைத்தவளின் வித்தையையும் மறைத்துவிடுகிறது.

பெயரைக் காப்பாற்றுவது என்ன பெரிய காரியம் என்று கேட்பவர்களுக்குத் திருப்பூரின் கதர் நாட்களை ஞாபகப்படுத்தலாம். அகில பாரத சர்க்கா சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளை இந்த ஊரில்தான் இயங்கியது. அந்தக் காலத்தில் மில்காரர்கள் முரட்டுத் துணியை நெய்து, அதற்குக் கதர் என்று பெயரிட்டு, ஜனங்களின் தேசபக்தியையே மூலதனமாக்கி விற்றார்கள். காந்தியடிகள் அதைக் கண்டித்து எழுதினார். சங்கம் உண்மையான கதர் விற்போருக்கு அத்தாட்சி வழங்கியது. கடைசியில், கதர் என்ற பெயர் கையால் நூற்றுக் கையால் நெய்த துணியை மட்டுமே குறிக்கும் என்று 1934ல் அந்நிய சர்க்காரின் காலத்திலேயே சட்டம் இயற்றப்பட்டது. அந்தச் சட்டம் மில்துணியைத் தடுக்கவில்லை, மில்துணி கதர் என்று சொல்லிக்கொள்வதைத்தான் தடுத்தது. பக்கத்திலே பவானிக்குப் போனால், புவிசார் குறியீடு பெற்ற ஜமுக்காளத்தின் பெயரை ஷோலாப்பூர் விசைத்தறி விரிப்புகள் சுமந்துகொண்டு திரிவதைப் பற்றி நெசவாளர்கள் சொல்லி அலுத்துப்போயிருக்கிறார்கள். குறியீடு மட்டும் போதாது, சந்தையில் போய்ப் பார்க்கிற கண்ணும் வேண்டும் என்பதற்கு அதுவே பிரத்தியட்சம்.

அதற்காகக் கை என்ற சொல்லுக்கே கற்பூரம் காட்டுகிறவர்களோடும் எனக்குச் சம்மதமில்லை. 1992 வாக்கில் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் தன்னிடமிருந்த பழம்போர்வைகளைப் பார்த்துப் படியெடுக்க உரிமை கொடுத்தபோது, சீனாவில் அந்தப் படிகள் தைக்கப்பட்டு மிகமலிவாக வந்திறங்கவே, அமெரிக்கப் போர்வைக் கலைஞர்கள் வெகுண்டெழுந்தார்கள். அந்தப் படிகளும் கையால் தைக்கப்பட்டவையே. கைவேலை என்பதனால் கூலி நியாயமாகிவிடாது. அதே அமெரிக்காவில் அதற்குச் சில ஆண்டுகள் முன்னே, 1989ல், கேரில் பிரையர் ஃபாலர்ட் என்ற அம்மையார் சூரிய கிரகணத்தை விஷயமாகக் கொண்டு மெஷினில் தைத்த போர்வைக்கு பாதுக்கா நகரத்துப் பெரும் போட்டியில் முதற்பரிசு கிடைத்தது. மெஷின்தையல் அந்தப் பரிசைப் பெறுவது அதுவே முதல் தடவையாதலால் பெரும் விவாதம் எழுந்தது. அவருடைய தையல் கைத்தையலைப்போல வேஷமிடவில்லை. மெஷினால் மட்டுமே போடக்கூடிய நெருக்கமான கோடுகளே அதன் அழகு.

திருப்பூருக்கு இந்த வழியே பொருந்தும் என்பது என் துணிபு. அதற்குத் துணியே சாட்சி. பனியன் துணி இழுபடும் ஜாதி. அதில் இறுக்கமான தையலைப் போட்டால், துணி நீளும்போது நூல் நீளாமல் அறுந்துவிடும். அதனால்தான் வளையம் வளையமாக நூல் விட்டுக்கொடுக்கிற ஓவர்லாக்கும் பேட்லாக்கும் இந்த ஊரை ஆளுகின்றன. டென்ஷனை இறுக்கிச் செய்கிற கைத்தையல் வித்தைக்குப் பனியன் துணியைவிடப் பொருந்தாத துணி இல்லை. அடியிலே ஃப்யூசிங் என்னும் ஒட்டுத்துணியை ஒட்டி அதன் இழுபடும் குணத்தைக் கொன்றபிறகுதான் அது சாத்தியம். இவ்வளவு பிரயாசைப்படுவானேன்? இரண்டு மூன்று ஊசிகள் சமகோடுகளாக ஓட, அவற்றின்மேல் நூல் குறுக்கே பின்னிச் செல்கிற பேட்லாக் தையலைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள்: அதைப் பனியனின் விளிம்பிலே மறைவாக வைத்திருக்கிறோமே தவிர, மாறுபட்ட நிறத்தில் போர்வையின் நடுவே ஓடவிட்டால் அதுவே அலங்காரமாகிவிடும். வீட்டு மெஷினில் அது வராது. ஆனால் பேட்லாக் மெஷின் உள்ள எந்தப் பவர்டேபிளிலும் வரும். கட்டிங் வேஸ்டை மில்லுக்கு எடைபோட்டு அனுப்புவதற்கு முன்பு பெரிய துண்டுகளைப் பிரித்துக்கொடுக்க முதலாளிகள் மனம்வைத்தால், இந்த ஊர்க் காதர்பேட்டைக் கடைகளிலேயே அந்தப் போர்வைகளைத் திருப்பூர்ப் போர்வை என்ற பெயரிலே விற்கலாம்.

வீட்டு மெஷினில் கைத்தையல்தான் வேண்டும் என்று பிடிவாதமாக ஆர்டர் கொடுப்பவர்கள் கொடுக்கட்டும். பீஸ் ரேட் பேசும்போது மாத்திரம் ஒரு கணக்கை விட்டுவிடக்கூடாது: அந்த நைலான் இழை அடிக்கடி அறும், மெஷினை வேகமாக ஓட்டமுடியாது, துணி மாறும்போதெல்லாம் டென்ஷனை மறுபடி சரிபார்க்கவேண்டும். சாதாரண நேர்த்தையலின் ரேட்டை இதற்கும் பேசுகிறவரிடம் டெய்லர் அம்மாள் ஒரு போர்வையை அவர் எதிரிலேயே தைத்துக்காட்டி, ஆன நேரத்தைச் சொல்லிக் கூலி கேட்கலாம்.