கால்வாய்க்கரை சைக்கிளும் நான் விற்ற விடுமுறைகளும்



போன மாதம் நான் போட்ட சைக்கிள் படத்தைப் பார்த்துவிட்டு நிறைய பேர் கேட்டுவிட்டீர்கள். "சார், இந்த வயசுல சைக்கிளா?" என்று சிலர். "எத்தனை கிலோமீட்டர், எத்தனை நாள்?" என்று பலர். "பிரான்ஸ் வரைக்கும் போயிட்டு ஈஃபில் டவர் பார்க்காம வாய்க்கா கரையில என்ன பண்றீங்க சித்தப்பா?" என்று என் அண்ணன் மகன். எல்லோருக்கும் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

மகள் இருப்பது தென் பிரான்சில் துலூஸ் நகரத்தில். அந்த ஊரிலிருந்து மத்தியதரைக் கடலோரம் வரை 'கனால் து மிதி' என்ற கால்வாய் ஓடுகிறது. 240 கிலோமீட்டர். 1666இல் வெட்டத் தொடங்கி 1681இல் திறந்தார்கள். அந்தக் காலத்தில் படகைக் குதிரை இழுத்துப் போன கரைதான் இன்றைக்கு நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் பாதை. பெரும்பாலான இடங்களில் கார் கிடையாது, ஹாரன் கிடையாது. ஏற்றமும் பெரிதாக இல்லை. முழங்கால் பலவீனமான என்னைப் போன்றவனுக்கு இதைவிட நல்ல பாதை அமையாது.

நானும் மாப்பிள்ளையும் பேத்தியும் வாடகை சைக்கிளில் கிளம்பினோம். பின் கேரியரின் இரண்டு பக்கமும் பை. கிளம்பும்போதே ஒரு சின்ன வாக்குவாதம். மாப்பிள்ளை போனில் கணக்குப் போட்டு வைத்திருந்தார். "மாமா, ஒரு நாளைக்கு 80 போட்டா மூணு நாள்ல முடிச்சிடலாம்." நான், "30 போதும் மாப்பிள்ளை" என்றேன். "அப்ப எட்டு நாள் ஆகுமே!" என்றார். "ஆகட்டுமே" என்றேன். பேத்தி என் கட்சி. தீர்மானம் நிறைவேறியது.

இரண்டாம் நாள் சாயங்காலம் நொரூஸ் என்ற இடத்துக்கு வந்தோம். கால்வாயின் உச்சி அதுதான். கடல் மட்டத்திலிருந்து 190 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அங்கே விழும் மழைத்தண்ணீர் மேற்கே சரிந்தால் அட்லாண்டிக் பெருங்கடல், கிழக்கே சரிந்தால் மத்தியதரைக் கடல். முப்பத்திரண்டு வருடம் கரும்பலகையில் கோடு போட்டு "நீர்ப்பிரி மேடு" என்று உங்களுக்கு நடத்தியிருக்கிறேன். ஒரு நீர்ப்பிரி மேட்டில் சைக்கிளை நிறுத்தி நான் உட்கார்ந்தது அன்றைக்குத்தான் முதல் முறை.

கால்வாயை வெட்டிய பியர் போல் ரிக்கே பொறியாளர் அல்ல, உப்பு வரி வசூலித்தவர். மேட்டில் ஏறி இறங்கும் கால்வாய்க்கு உச்சியில் தண்ணீர் வேண்டும். பக்கத்தில் கறுப்பு மலை என்றொரு மலை. அதன் ஓடைகளையெல்லாம் திரட்டி இந்த உச்சிக்குக் கொண்டுவந்து இரண்டு பக்கமும் ஓட விட்டார். காரில் போயிருந்தால் இது ஒரு பெயர்ப்பலகையாகக் கடந்து போயிருக்கும். சைக்கிளில் இரண்டு நாள் மெதுவாக ஏறி வந்ததால், இங்கிருந்து தண்ணீர் எதிர்ப்பக்கம் ஓடுவதைக் கண்ணால் பார்த்தபோது பேத்திக்குப் பாடமே நடத்த வேண்டியிருக்கவில்லை. "தாத்தா, இனிமே இறக்கம்தான்!" என்றாள். அவ்வளவுதான் பாடம்.

மூன்றாம் நாள் நடந்ததைச் சொல்ல வேண்டும். கால்வாயில் படகை ஏற்றி இறக்க வழியெல்லாம் மதகுத் தொட்டிகள் இருக்கின்றன. படகு உள்ளே வந்ததும் கதவைச் சாத்தித் தண்ணீரை நிரப்புவார்கள் அல்லது வடிப்பார்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் மதகுக்காரர் வீடு. அந்த வீட்டுச் சுவரில் அடுத்த மதகு எவ்வளவு தூரம் என்று எழுதிய பலகை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மதிய உணவு நேரம், மதகு சாத்தியிருந்தது. நான்கு படகுகள் வரிசையில் நின்றன. யாரும் கத்தவில்லை, மணி அடிக்கவில்லை. கயிற்றைக் கட்டிவிட்டு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் எடுத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்துவிட்டார்கள். மதகுக்காரருக்கும் வயிறு உண்டு என்பதை எல்லோரும் ஒப்புக்கொண்ட மாதிரி இருந்தது. மாப்பிள்ளையும் போனைப் பைக்குள் போட்டுவிட்டு உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவர் கிலோமீட்டர் கணக்குச் சொல்லவில்லை.

இது அந்த மக்களின் பிறவிக் குணம் என்று சிலர் சொல்லக்கூடும். நான் அப்படி நினைக்கவில்லை. போராடி வாங்கிய பழக்கம் இது. 1936 ஜூனில் பிரான்சில் பெரிய வேலைநிறுத்தங்கள் நடந்தன. லெயோன் ப்ளூம் தலைமையிலான அரசு, தொழிலாளிகள் எல்லோருக்கும் சம்பளத்தோடு இரண்டு வாரம் விடுப்பு என்று சட்டம் போட்டது. அந்தக் கோடையில் பாரிஸ் தொழிற்சாலைகளிலிருந்து கணவனும் மனைவியும் இரட்டைச் சைக்கிளில் கிராமங்களைப் பார்க்கவும் கடலைப் பார்க்கவும் புறப்பட்டார்கள். பலருக்கு அதுவே முதல் விடுமுறை. அந்த இரண்டு வாரம் படிப்படியாக வளர்ந்து 1982இல் ஐந்து வாரம் ஆனது. என் மாப்பிள்ளை எட்டு நாள் என்னோடு வர முடிந்ததும் அந்தச் சட்டத்தால்தான்.

ரிக்கேயும் அந்தக் காலத்திலேயே தம் ஆட்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்திருக்கிறார். மழை பெய்து வேலை நின்ற நாளுக்கும், ஞாயிற்றுக்கிழமைக்கும், உடம்புக்கு முடியாத நாளுக்கும் கூலி உண்டு. முந்நூற்றைம்பது வருடமாகியும் கால்வாயில் தண்ணீர் ஓடிக்கொண்டுதானிருக்கிறது. ஓய்வு கொடுத்தால் வேலை கெட்டுவிடும் என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களுக்கு ஈ.எல். சரண்டர் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: எடுக்காத விடுப்பை அரசிடம் ஒப்படைத்துச் சம்பளமாக வாங்கிக்கொள்வது. வாய்ப்புக் கிடைத்த ஒவ்வொரு வருடமும் நான் வாங்கினேன். கோடை விடுமுறை என்று ஒன்று இருந்தது. அதில் விடைத்தாள் திருத்தப் போனேன், கணக்கெடுப்புக்குப் போனேன், டியூஷன் எடுத்தேன். எல்லாம் வீடு கட்ட, மகளைப் படிக்க வைக்க. தப்பென்று இன்றும் சொல்ல மாட்டேன்.

நான்காம் நாள் கார்கசோன் கோட்டை ஊரில் மகளும் என் மனைவியும் ரயிலில் வந்து எங்களோடு சேர்ந்துகொண்டார்கள். மறுநாள் ஓய்வு. மனைவிக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம், சைக்கிள் ஏற முடியாது. கால்வாய்க்கரை பெஞ்சில் உட்கார்ந்து போகிற வருகிற சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டிருந்தவள், அதில் ஒரு வயதான தம்பதி கடந்து போனதும் சொன்னாள்: "ஏங்க, நமக்கும் லீவு இருந்துச்சுல்ல. வித்துட்டோம்."

குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை. அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். அதற்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவளால் மிதிக்க முடிந்த வருடங்களை நான் பணமாக்கிவிட்டேன். அந்தப் பணத்தைக் கொடுத்து அவற்றைத் திரும்ப வாங்க வழியில்லை.

"சார், மகள் பிரான்சில் இருக்கிறாள், டிக்கெட் போட்டுக் கொடுத்தாள், நீங்கள் பேசுவீர்கள்" என்று யாராவது நினைத்தால் அது நியாயம்தான். எல்லோரும் பிரான்ஸ் போங்கள் என்று சொல்லவில்லை. மெதுவாகப் போவதைச் சோம்பல் என்று உங்களுக்குக் கற்றுக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். சுற்றுலா கூட்டிப்போய் ஒரே நாளில் ஏழு இடம் காட்டி, "ஏறு ஏறு, நேரமாச்சு" என்று பஸ் படியில் நின்று கத்தியது ஞாபகம் இருக்கிறதா? ஏழில் எது உங்கள் நினைவில் நின்றது? பஸ் பழுதாகி இரண்டு மணி நேரம் மரத்தடியில் உட்கார்ந்தோமே, அதைத்தான் இன்றும் சந்திக்கும்போதெல்லாம் பேசுகிறீர்கள்.

பிரான்சில் சைக்கிள் சுற்றுலாவின் தந்தை என்று போல் தெ விவியைச் சொல்வார்கள். 'வெலோசியோ' என்ற புனைபெயரில் எழுதியவர், 1930இல் காலமானார். பசிக்கும் முன் சாப்பிட வேண்டும், தாகம் எடுக்கும் முன் குடிக்க வேண்டும், வீண் பெருமைக்காக மிதிக்கவே கூடாது என்பதெல்லாம் அவர் வைத்த விதிகள். கடைசி விதியை நான் வேலையில் இருந்தபோதே யாராவது சொல்லியிருக்கலாம்.

போகிற வாய்ப்பு இருப்பவர்களுக்குச் சில குறிப்புகள். துலூஸிலிருந்து முதல் 50 கிலோமீட்டர் தார்ப்பாதை. அதற்குப் பிறகு சரளையும் மர வேரும், எனவே அகல டயர் வாங்குங்கள். கிராமத்துக் கடைகள் மதியம் சாத்திவிடும், ரொட்டிக் கடை பல ஊர்களில் திங்கட்கிழமை விடுமுறை. முந்தின நாளே வாங்கி வையுங்கள். நிழல் தந்த பிளேன் மரங்களை 2006இல் ஒரு பூஞ்சை நோய் தாக்கி, ஆயிரக்கணக்கில் வெட்டி எரித்திருக்கிறார்கள். புதிய கன்றுகள் இன்னும் சின்னவை. தொப்பியும் தண்ணீரும் கட்டாயம்.

எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டீர்களே. எட்டாம் நாள் பெஸியே வரை வந்தோம். ரிக்கே பிறந்த ஊர். படிக்கட்டு மாதிரி அடுக்கி வைத்த மதகுகளில் படகுகள் இறங்குவதை ஒரு மதியம் முழுக்கப் பார்த்தோம். கடல் வரை போகவில்லை. சுமார் 200. ரிக்கேயே கால்வாய் திறப்பதற்குச் சில மாதம் முன்பு இறந்துவிட்டார். நாங்கள் முடிக்காததில் பெரிய குறையில்லை.

வேலையில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். வீட்டுக் கடன் இருக்கும், தெரியும். பாதி விடுப்பை விற்றுக்கொள்ளுங்கள். மீதியை, முழங்கால் நன்றாக இருக்கும்போதே, வீட்டில் இருப்பவர்களோடு செலவழியுங்கள்.

அன்புடன்,
உங்கள் புவியியல் வாத்தியார்